சராசரிக்கு மேலே ஒரு மலை

கணக்குப்பிள்ளை ஒருவர் குடும்பத்துடன் ஆற்றைக் கடந்த கதையை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். அவர் ஆற்றின் குறுக்கே பத்து இடங்களில் கோலை ஊன்றி ஆழம் பார்த்தார். பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தார். சராசரி ஆழம் இரண்டடி என்று வந்தது. வீட்டுக் கடைக்குட்டிக்கே இரண்டரை அடி உயரம். ஆகவே, "பயமில்லை, எல்லோரும் இறங்குங்கள்!" என்று உத்தரவு போட்டார். அக்கரை சேர்ந்து தலைகளை எண்ணிப் பார்த்தபோது இரண்டு குழந்தைகள் குறைந்தன. மனுஷர் மறுபடியும் மணலில் உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது!

சிரிப்பதற்காகச் சொல்லப்படுகிற கதை இது. ஆனால் நமது தேசத்தின் சிசு மரணக் கணக்கைக் கையில் வைத்துக் கொண்டு உட்காருகிறவனுக்கு இந்தக் கதையில் அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை.

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் எத்தனை இறந்து போகின்றன என்பதையே சிசு மரண விகிதம் என்கிறார்கள். இந்தியாவில் இந்த எண் 1971-ல் 129 ஆக இருந்தது. 2023-ல் 25 ஆயிற்று. அரை நூற்றாண்டில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது என்றால், எத்தனையோ தாய்மார்களின் கண்ணீர் துடைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த 25 என்பது யாருடைய எண்? கேரளத்தில் அதே வருஷத்தில் 5. செல்வத்தில் புரளும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே 2022-ல் 5.6 என்றால், கேரளத்தின் பெருமையைத் தனியே பேச வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் ஆகிய மூன்றிலும் 37. ஒரே கொடி, ஒரே நாணயம், ஒரே ரயில்வே; ஆனால் பிறந்த இடத்தைப் பொறுத்துக் குழந்தையின் உயிருக்குள்ள அபாயம் மட்டும் ஏழு மடங்கு வித்தியாசப்படுகிறது.

கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வித்தியாசமும் அப்படியே. 2023-ல் கிராமங்களில் 28, நகரங்களில் 18. நூறு வருஷங்களுக்கு முன்னால் கதை நேர்மாறாக இருந்தது. 1921-ல் பம்பாய் நகரத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் அறுநூறுக்கு மேல் ஒரு வயதைக் காணவில்லை என்று அன்றைய பதிவுகள் சொல்லுகின்றன. ஒற்றை அறையில் பத்துப் பேர் முடங்கிக் கிடந்த மில் தொழிலாளர் குடியிருப்புக்களின் விளைவு அது. ஆகவே நகரக் காற்றிலோ கிராம மண்ணிலோ விசேஷம் எதுவும் இல்லை. நல்ல தண்ணீரும், தேர்ந்த மருத்துவச்சியும், டாக்டரும் எங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்களோ, அங்கே குழந்தை பிழைக்கிறது.

இனி நமது வீட்டுக் கணக்கு. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு வேறொரு முறையில் எண்ணியது. ஆகையால் அதன் எண்களை மேலே சொன்னவற்றுடன் கலக்கக் கூடாது. அந்த ஆய்வின்படி இந்தியாவுக்கு 35.2, உத்தரப் பிரதேசத்துக்கு 50.4, தமிழ்நாட்டுக்கு 18.6. நம்மவர்கள் மீசையை முறுக்கிக் கொள்ளலாம். இங்கே நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன என்றும் அதே ஆய்வு சொல்லுகிறது. ஆனால் அந்த 18.6-க்குள் இன்னோர் எண் ஒளிந்திருக்கிறது. அதில் 12.7 பிறந்து 28 நாட்களுக்குள் நேரும் மரணம். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்! ஒரு மாதத்தைத் தாண்டிய தமிழ்க் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. தாண்டுவதுதான் கஷ்டம்.

இந்தச் சராசரியை வைத்துக் கொண்டு ஆலங்காயம் கடைத்தெருவில் நின்று பார்க்க வேண்டும். வாணியம்பாடி தாலூகாவைச் சேர்ந்த இந்தச் சிறு பேரூர், 2019 நவம்பரில் வேலூர் ஜில்லாவைப் பிரித்தபோது திருப்பத்தூர் ஜில்லாவோடு போயிற்று. ஒரு பக்கம் சமவெளி. பஸ் ஏறினால் வாணியம்பாடி, ஆம்பூர். தோல் பதனிடும் தொழிலுக்கும் பூட்ஸ் தொழிற்சாலைகளுக்கும் பெயர் போன பாலாற்றுப் பிரதேசம். மறு பக்கம் ஜவ்வாது மலை. மலைப் பாதையில் காவலூர் இருக்கிறது. 1986 முதல் வைணு பாப்பு அவர்களின் பெயரைத் தாங்கிய வானாராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர். அங்கே 93 அங்குலத் தூரதரிசினி ஒன்று, கோடானு கோடி மைல்களுக்கு அப்பாலுள்ள நட்சத்திரங்களின் ஒளியை அளந்து கொண்டிருக்கிறது. அந்த மலையிலேயே, வண்டி போகும் ரஸ்தா வரை கர்ப்பிணிப் பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள் என்ற செய்தி நமது பத்திரிகைகளில் எத்தனை முறை வந்திருக்கிறது! மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் அங்கே சாமை பயிரிட்டும், புளியும் தேனும் சேகரித்தும், போதாத காலத்தில் வெளியூர்களுக்குக் கூலிக்குப் போயும் ஜீவனம் செய்கிறார்கள்.

கடைத்தெருவில் காய்கறி வாங்கும் பெண்ணும் மலையிலிருந்து இறங்கிய பெண்ணும் ஒரே கடையில் உப்பு வாங்கலாம். ஒரே வாரத்தில் பிள்ளை பெறலாம். சர்க்கார் புத்தகத்தில் இருவருக்கும் 18.6 என்றுதான் எழுதியிருக்கும்.

பிறந்த குழந்தை எதனால் இறக்கிறது என்று கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம். குறைமாதமும் எடைக் குறைவும் ஒன்று. மூச்சு எடுக்க முடியாமல் திணறுவது ஒன்று. கிருமி புகுந்து இரத்தம் கெடுவது ஒன்று. பெரும்பாலான மரணங்கள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இம்மரணங்களில் முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே நேருகின்றன. அதிலும் முதல் நாள்தான் மிகவும் கொடியது.

தாயின் வயிற்றில் கதகதப்பாக இருந்த குழந்தை ஈர உடம்போடு வெளியே வருகிறது. மார்கழி மாதத்து மலைக் குளிரில் அந்த ஈரத்தை உடனே துடைக்காவிட்டால், அதற்குள் இருக்கும் சிறிதளவு சக்தியும் உடம்பைச் சூடாக்கிக் கொள்வதிலேயே செலவாகிவிடும். எடை குறைந்த சிசுவென்றால் கேட்க வேண்டாம். செய்ய வேண்டியதோ மிகச் சுலபம். உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் மார்பின் மேல் தோலோடு தோல் படும்படி கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தென் அமெரிக்காவில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், சூடேற்றும் பெட்டிகள் போதாமல் தவித்த டாக்டர்கள் 1978-ல் இந்த முறையைக் கைக்கொண்டார்கள். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகமே அதைக் கற்றுக் கொண்டிருக்கிறது. நம்மில் பலர் செய்வது என்ன? பிறந்த அரை மணிக்குள் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, அழகு பார்க்கிறோம்.

குழந்தை அழவில்லை என்றால் ஒரு நிமிஷந்தான் அவகாசம். முதுகைத் தேய்த்து, வாயைச் சுத்தம் செய்து, அதற்கும் மசியாவிட்டால் சிறு முகமூடியும் பையும் வைத்துக் காற்றை உள்ளே செலுத்த வேண்டும். தேர்ந்த நர்ஸு ஒருத்திக்கு இது கைப்பழக்கம். டோலியில் வரும் வழியில் மரத்தடியில் பிறந்த குழந்தைக்கு அந்த ஒரு நிமிஷம் எங்கே கிடைக்கும்?

மூன்றாவது விஷயத்தில் நமது பாட்டிமார்களுடன் சண்டை போட வேண்டியிருக்கிறது. முதன் முதலில் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை தொடுகிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரை வாயில் வைப்பது இன்னும் போகவில்லை. சீம்பாலில்தான் கிருமிகளோடு போராடும் சத்து நிறைந்திருக்கிறது. கழுதைப் பால் விற்பவன் தெருவில் கூவிக் கொண்டு போனால், பட்டணத்தில் படித்த குடும்பத்தின் கதவுகூடத் திறக்கிறது. கழுதைப் பால் குடித்த பிள்ளை நன்றாய்ப் பேசும் என்பது நம்பிக்கை. பொது மேடைகளில் நடக்கும் பேச்சுக்களைக் கேட்கும்போது, இந்த வியாபாரம் ஒரு நாளும் குறைந்ததில்லை என்றே தோன்றுகிறது! ஆனால் பழக்கம் மாறாது என்று சொல்லிவிடவும் முடியாது. துருப்பிடித்த அரிவாளால் தொப்புள்கொடி அறுத்துச் சாணி தடவிய காலத்தில், ஆயிரக்கணக்கான சிசுக்கள் ரண ஜன்னியால் மாண்டன. தாய்மார்களுக்குத் தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் வந்த பிறகு, 2015-ல் அந்த நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை அடைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக் கொண்டது.

இந்த வட ஆற்காட்டுப் பிரதேசத்துக்குப் பிள்ளைப்பேற்றின் சரித்திரத்தில் ஒரு தனி இடம் உண்டு. 1894-ஆம் வருஷத்தில் திண்டிவனத்தில், ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் தன் தகப்பனாரான டாக்டரின் பங்களாவில் தங்கியிருந்தாள். ஒரே இரவில் மூன்று வீட்டார், ஒருவர் பின் ஒருவராக வந்து, தங்கள் மனைவிமார் பிரசவ வேதனையில் தவிப்பதாகவும், ஆண் டாக்டர் கூடாது, நீயே வர வேண்டும் என்றும் கெஞ்சினார்கள். அவளுக்கு வைத்தியம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அவள் தேசம் திரும்பி வைத்தியம் படித்து, 1900-ல் மறுபடி வந்து, 1902-ல் வேலூரில் ஆஸ்பத்திரி திறந்து, 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் ஆரம்பித்ததெல்லாம் நாடறிந்த கதை. அன்று அந்த மூன்று பெண்களுக்கும் டாக்டர் இல்லாமற் போகவில்லை. டாக்டர் அடுத்த அறையிலேயே இருந்தார். ஆசாரம் நடுவே நின்றது. இன்று சமவெளியில் அந்தச் சுவர் இடிந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் நர்ஸுகள் இருக்கிறார்கள். 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. கஷ்டமான கேஸ் என்றால் திருப்பத்தூருக்கோ, வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசினர் ஆஸ்பத்திரிக்கோ அனுப்பிவிடுகிறார்கள். அந்த வண்டி மலையில் எந்தத் திருப்பம் வரை ஏறும் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

2023 மே மாதத்தில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. இதே மலைத்தொடரில், வேலூர் ஜில்லா அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில், ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. சரியான ரஸ்தா இல்லாததால் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் குழந்தை இறந்தது. அத்துடன் முடியவில்லை. திரும்பும்போது, மேலே போக வழியில்லை என்று வண்டி பாதியிலேயே நின்றுவிட, பெற்ற தாய் அந்தப் பிரேதத்தைக் கையில் ஏந்தி மலைப் பாதையில் நடந்தே போனாள். படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருஷமும் தமிழ்நாட்டின் சராசரி மிக நன்றாகவே இருந்தது.

ரஸ்தா போடும் வரையில் என்ன செய்வது என்பதற்குச் சர்க்கார் ஒரு நல்ல யோசனை கண்டிருக்கிறது. மலைப் பகுதிகளில் சில சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் அறை ஒன்று வைத்திருக்கிறார்கள். நாள் நெருங்குகையில் கர்ப்பிணி முன்கூட்டியே துணையோடு வந்து தங்கலாம், சாப்பாடும் உண்டு. வலி எடுத்த பிறகு மலை இறங்குவதைவிட வலி எடுக்குமுன் இறங்குவது மேல் என்பது யாருக்கும் விளங்கும். ஆயினும், வீட்டில் இரண்டு சிறு குழந்தைகளையும் நாலு ஆடுகளையும், அறுப்புக்கு நிற்கும் சாமையையும் விட்டு ஒருத்தி இரண்டு வாரம் எப்படி வந்து உட்காருவாள்? மலை மக்களிடையே உழைக்கும் டாக்டர்கள் சொல்வதும் இதுதான். முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் மறுபடியும் வருகிறாள். வீட்டிலேயே மூன்று பெற்றவள் நாலாவதற்கும் வீட்டைவிட்டு நகருவதில்லை. காத்திருக்கும் அறையில் மூத்த குழந்தைகளுக்கும் இடம் கொடுத்து, போன நாட்களுக்குக் கூலியும் கொடுத்தால், அறைகள் நிரம்பும் என்பது என் அபிப்பிராயம். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குவதில் உள்ள உற்சாகம், கட்டடத்துக்குள் வருகிறவளின் கூலியை நினைப்பதில் சர்க்கார்களுக்கு எப்போதும் இருப்பதில்லை.

கட்சிரோலி என்பது மகாராஷ்டிரத்தில் காடும் பழங்குடிகளும் நிறைந்த ஜில்லா. அங்கே டாக்டர் அபய் பங்கும் அவர் மனைவி டாக்டர் ராணி பங்கும் 1986-ல் ஒரு ஸ்தாபனம் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியைக் காட்டுக்குக் கொண்டு போக முடியாது; ஆனால் காட்டிலுள்ள பெண்ணுக்கே வித்தையைக் கற்பிக்கலாம் அல்லவா? ஒவ்வொரு கிராமத்திலும் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தியைத் தேர்ந்து, குழந்தையை நிறுக்கவும், சூடு காக்கவும், மூச்சுப் பையைப் பயன்படுத்தவும், கிருமி நோயின் அறிகுறி கண்டால் மருந்து கொடுக்கவும் பழக்கினார்கள். மூன்று வருஷத்தில் அந்தக் கிராமங்களில் பிறந்து 28 நாட்களுக்குள் நேரும் மரணம், பயிற்சி இல்லாத கிராமங்களோடு ஒப்பிட, பாதிக்கும் மேல் குறைந்தது. 1999-ல் லண்டனிலிருந்து வெளியாகும் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகை அதைப் பிரசுரித்தது. 2011 முதல் இந்திய சர்க்காரும் அம்முறையைத் தழுவி, பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் ஆறு முறை வீடு தேடிச் சென்று பார்க்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. ஜவ்வாது மலைக்குப் பொருந்தும் வைத்தியம் இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மலையை மட்டும் பேசிவிட்டுச் சமவெளியைச் சும்மா விட்டுவிடலாகாது. ஆம்பூர், வாணியம்பாடி பூட்ஸ் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் பஸ் பஸ்ஸாகப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்காதே என்று டாக்டர் சொல்லுகிறார். 2017-ல் திருத்திய பிரசவ உதவிச் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை தருகிறது; கணக்குப் பார்த்தால் சரியாக ஆறு மாதம். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று பூட்ஸின் மேல்தோலைத் தைத்துக் கொடுப்பவளுக்கு முதலாளி யார், விடுமுறை யார் கொடுப்பது? தண்ணீர் விஷயமோ எல்லோரும் அறிந்தது. தோல் கழுவிய நீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறி, கெடுத்தவனே பொறுப்பேற்க வேண்டும் என்ற தர்மத்தை நாட்டுக்கே சட்டமாக்கிற்று. பால் மறந்த குழந்தை குடிக்கப் போவது அந்தத் தண்ணீரைத்தான்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. குடியாத்தத்துக்குப் பக்கத்தில் கே.வி.குப்பம் வட்டாரத்தில் 12 கிராமங்களை ஆராய்ந்து, சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஆபேல், பார்பரா மில்லர் என்பவர்கள் 1992-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் சில கிராமங்களில் பிறந்த பெண் சிசுக்கள் வேண்டுமென்றே கொல்லப்பட்டன. கூப்பிடு தூரத்திலிருந்த வேறு கிராமங்களில் அந்தப் பாதகம் கிடையாது. தண்ணீர் ஒன்று, ரஸ்தா ஒன்று, ஆஸ்பத்திரியும் ஒன்று. அதே வருஷத்தில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பமாயிற்று. பிரதேச வித்தியாசம் என்றால் மலையும் மழையும் மட்டுமே காரணம் என்று நினைக்கிறவர்கள் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும்.

கே.வி.குப்பத்தில் கிராமம் கிராமமாக எண்ணியதால்தான் அந்த உண்மை வெளிவந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வு ஜில்லாவாரியாகப் பல புள்ளிகளைக் கொடுக்கிறது. ஆனால் சிசு மரணத்தை மாகாண அளவில்தான் சொல்லுகிறது, ஏனெனில் அது விசாரிக்கும் வீடுகள் ஜில்லாவுக்குப் போதாது. ஆலங்காயம் ஒன்றியத்தின் எண் அதில் அகப்படாது. ஆனால் சுகாதார நிலையத்தில் பதிவேடு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு பதிவு எண் கொடுக்கிறார்கள். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழே எழுதுவதில்லை. ஆகவே பிறந்தவர்களையும் போனவர்களையும் ஊர் ஊராகப் பிரித்து எழுத, புதிதாக ஒரு காரியாலயமோ புதிய அதிகாரியோ வேண்டியதில்லை.

கிராம சபை வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி தினம். தெரு விளக்கையும் சாக்கடையையும் பற்றி அங்கே நெடுநேரம் பேசுகிறோம். அடுத்த சபையில் கிராம சுகாதார நர்ஸை எழுந்து நிற்கச் சொல்லி, சென்ற வருஷம் இந்தப் பஞ்சாயத்தில் பிறந்தவை எத்தனை, 28 நாள் தாண்டாதவை எத்தனை, அவற்றில் மலை மேலுள்ளவை எத்தனை என்று வாசிக்கச் சொல்லலாம். வாசித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். அதன் பிறகு, அந்த வீடுகளுக்கும் ரஸ்தாவுக்கும் இடையே எத்தனை மைல் என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.